கடை சாத்தும் நேரம்: வேலையையும் வீட்டையும் பிரித்து வைக்க ஒரு முழு வழிகாட்டி

என் தங்கை மகனுக்குக் காது குத்தியபோது எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? பையன் என் மடியில் வாய் பிளந்து அழுகிறான். ஆசாரி கையில் ஊசி. என் இடது காதில் ப்ளூடூத். சனிக்கிழமை காலை நமக்கு. அமெரிக்காவில் வெள்ளி நள்ளிரவு, எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு ரிலீஸ் போய்க்கொண்டிருந்தது. நான் மியூட்டில்தான் இருந்தேன் என்று எத்தனை முறை சொன்னாலும் தங்கை ஒன்றுதான் சொல்வாள்: "அன்னைக்கு உனக்கும் சேர்த்துத்தாண்ணா காது குத்தினோம்."

அந்தப் படத்துக்குப் பிறகுதான் இந்த விஷயத்தில் உருப்படியாக எதையாவது செய்யத் தொடங்கினேன். கீழே இருப்பது சென்னையில் உட்கார்ந்து கடல் கடந்த வாடிக்கையாளர்களுக்குக் கணினி வேலை பார்ப்பவர்களுக்கானது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கும், ஷிப்டில் ஓடும் செவிலியர்களுக்கும் இதில் பாதிதான் பொருந்தும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2021இல்தான். அவர்கள் சிக்கல் வேறு, அதற்கு நான் வழி சொல்லக் கூடாது.

எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்து. அதைச் சமநிலை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால் கடை முடிந்தது என்று தெருவுக்கே தெரியும். அவருக்கும் தெரியும். வேலையும் வீடும் தராசுத் தட்டு மாதிரி சரிசமமாக நிற்கும் என்று நான் நம்புவதை விட்டுவிட்டேன். நமக்குத் தேவை ஒரு ஷட்டர். நம் வேலை போனுக்குள் இருப்பதால் அதற்கு ஷட்டர் கிடையாது. நாமே செய்து மாட்ட வேண்டியிருக்கிறது.

படி 1: இரண்டு வாரம் கணக்கு எழுதுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். 14 நாள் எழுத மட்டும் செய்யுங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். செயலி எதுவும் வேண்டாம், ஏனென்றால் போனைத் திறந்தாலே வேறு எங்காவது போய்விடுவோம். ஐந்து பத்தி போடுங்கள்: வேலை, பயணம், வீட்டு வேலை, தூக்கம், மற்றவை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் மனம் பொய் சொல்லும்.

ஆறாவதாக ஒரு பத்தி உண்டு. அதுதான் முக்கியம். அதற்கு 'அரைகுறை' என்று பெயர் வைத்தேன். மடியில் லேப்டாப், எதிரே டிவி, பக்கத்தில் மகள் வீட்டுப்பாடம். வேலையும் நடக்கவில்லை, மகளுக்குச் சொல்லித் தந்த மாதிரியும் இல்லை. இந்த நேரத்தை வேலையில் சேர்க்காதீர்கள், குடும்பத்திலும் சேர்க்காதீர்கள், தனியாக எழுதுங்கள். என் முதல் வாரத்தில் அது 11 மணி நேரம் வந்தது. நேரமே இல்லை என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைக்குச் சமமான நேரத்தை யாருக்கும் இல்லாமல் கரைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

இரண்டு வாரம் முடிந்ததும் வேலைப் பத்தியை மட்டும் கூட்டி, இரண்டால் வகுத்து வாரக் கணக்காக்குங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து ஒரு மதிப்பீடு வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்றது அது. என் எண் பயணத்தைச் சேர்க்காமலே 57. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய தொழிலதிபர் ஒருவர் 2023இல் சொன்னபோது நாடே விவாதித்தது. நோட்டில் கூட்டிப் பார்த்தால் பலருக்கு அந்த எண் அவ்வளவு தூரத்தில் இருக்காது.

படி 2: உங்கள் மணிக்கூலியைக் கண்டுபிடியுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. கையில் வரும் சம்பளம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்றால் 198 மணி. மணிக்கு 303 ரூபாய். இப்போது நாளுக்கு, மெட்ரோ பணி நடக்கும் ஓ.எம்.ஆர். சாலையில் போய்வர இரண்டரை மணி, இரவு மீட்டிங் கால்களுக்கு இரண்டு மணி என்று சேருங்கள். 297 மணி ஆகிறது. மணிக்கு 202 ரூபாய். கம்பெனி சம்பளத்தைக் குறைக்கவில்லை, மூன்றில் ஒரு பங்கு தானாகப் போய்விட்டது. அடுத்த முறை வேலை மாறும்போது சம்பள உயர்வு எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், இந்த இரண்டாவது எண் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் 55,000க்குக் கிடைக்கும் வேலை சில சமயம் சம்பள உயர்வாகவே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவை வைத்தது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை அதிலிருந்து விலக்கியும் வைத்தது. ஆகவே பதவி உயர்வுக் கடிதம் வரும்போது பெயருக்கு முன்னால் என்ன சேர்கிறது என்பதோடு, எது கழிகிறது என்பதையும் படியுங்கள். வேலை நேரம் முடிந்தபின் அலுவலகத் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் இருக்கிறது. நம் மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடிய ஊர் சென்னைதான். 1923இல் சிங்காரவேலர் கொடியேற்றினார். நூறு வருடம் கழித்து அதே ஊரில் மே 1ஆம் தேதி இரவு நான் 'ஒரு சின்ன கால்' எடுத்தேன். சரி, அது என் தப்பு.

படி 3: எதிர்முனையின் கடிகாரத்தைப் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இது. எனக்கு அதிகப் பலன் தந்ததும் இதுதான்.

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அப்போது நமக்கு 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 6.30 ஆகும். அவர்கள் காலண்டரில் எதுவும் மாறியிருக்காது. நமக்கோ சாப்பாடு, குழந்தையின் படுக்கை நேரம், மருந்து நேரம் எல்லாம் ஒரே நாளில் இடம் பெயரும். கார்த்திகை, மார்கழியில் வீட்டில் சண்டை கூடுவதற்கு நான் பல வருடம் வேறு காரணங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலிபோர்னியா இன்னும் மோசம். அங்கே காலை 9 என்பது நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள்: கோடையில் அவர்களுடைய இரவு 8 மணி நமக்குக் காலை 8.30. லண்டன் வாடிக்கையாளர் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். அவர்களின் காலை 9 நமக்கு மதியம் 1.30 அல்லது 2.30, அது ஒரு குறையே இல்லை.

ஒரு தாளில் உங்கள் வாரக் கால்கள் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்வி போடுங்கள். இதில் நான் பேசுகிறேனா, கேட்கிறேனா? கேட்பது மட்டும் என்றால் பதிவைக் காலையில் பார்த்தால் என்ன? ஒரு மணி நேரம் முன்னால் இழுக்க முடியுமா? என் தாளில் ஒன்பது கால்கள் இருந்தன. நான் வாய் திறந்தது நான்கில்.

படி 4: கேளுங்கள், ஆனால் கையில் ஏதாவது கொண்டுபோய்க் கேளுங்கள்

"ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று மேனேஜரிடம் போய் நின்றால் அவரும் தன் கஷ்டத்தைச் சொல்வார். இருவரும் டீ குடித்துவிட்டு வருவோம். மூன்று முறை அப்படித்தான் நடந்தது. நான்காவது முறை எழுதிக் கேட்டேன். கிட்டத்தட்ட இப்படி:

"திங்கள், புதன் இரவு 9.30 வரை கண்டிப்பாக இருக்கிறேன். செவ்வாய், வியாழன் 8 மணிக்கு மேல் வர முடியாது. அந்த இரண்டு நாளும் நிலவரத்தை 7 மணிக்குள் எழுத்தில் அனுப்பிவிடுகிறேன். நான்கு வாரம் பார்ப்போம். வேலை எங்காவது நின்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்."

இதில் கவனிக்க வேண்டியவை: எந்த நாள் இருப்பேன் என்பது முதலில் வருகிறது. இல்லாத நாளுக்கு மாற்று இருக்கிறது. சோதனைக் காலம் இருப்பதால் மேலே இருப்பவருக்குச் சரி என்று சொல்வது சுலபம். குடும்பக் காரணம் எதையும் நான் எழுதவில்லை. எழுதினால் அது அனுதாபத்துக்குப் போகும், அடுத்த மாதம் "இப்ப அம்மாவுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு இரவு மீட்டிங்கைத் திரும்ப வைப்பார்கள். நியூயார்க் குழுவிடம் அவர்களுடைய காலை எட்டு மணிக்கே தொடங்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்கள் முடியாது என்பார்கள், மற்றவர்கள் பலர் ஒத்துக்கொள்வார்கள். நாம் கேட்டதே இல்லை என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

படி 5: ஷட்டரை இறக்குங்கள்

அப்பா கடை சாத்த இருபது நிமிடம் எடுப்பார். கல்லாவை எண்ணி நாள் கணக்கு எழுதுவார். தீர்ந்துபோன சரக்கைத் துண்டுச் சீட்டில் குறிப்பார். சூடம் காட்டுவார். பிறகு பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். நானும் அதைத்தான் செய்கிறேன், சூடம் மட்டும் இல்லை.

ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். அதனால்தான் சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும்போது மதியம் பார்த்த பிழை ஒன்று கண்ணுக்குள் ஓடுகிறது. ஒட்டிக்கொண்டிருப்பதைத் தாளில் இறக்கி வைத்தால் எனக்குப் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

கடைசி 15 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். பாதியில் நிற்பவற்றை ஒவ்வொன்றும் ஒரு வரியில் எழுதுங்கள். நாளைக் காலை உட்கார்ந்ததும் தொட வேண்டிய முதல் வேலையை, யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு விவரமாக எழுதுங்கள். 'அறிக்கை' என்று எழுதாதீர்கள், 'அறிக்கையின் மூன்றாம் பக்க அட்டவணையைச் சரிபார்' என்று எழுதுங்கள். லேப்டாப்பை அணையுங்கள், வெறுமனே மூடாதீர்கள். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, பையைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசி டிரம்முக்குப் பின்னால். எடுக்கச் சிரமமாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். போனில் அலுவலகக் கணக்கைத் தனியாக வைத்து, ஒரு நேரத்துக்கு மேல் அது தானாக வாய்மூடும்படி அமைத்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக. ஷட்டர் இறங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்வாருங்கள். கொத்தமல்லிக் கட்டு வாங்கவாவது. அலுவலகம் போய்வந்த காலத்தில் பயணத்தை எவ்வளவு திட்டியிருக்கிறோம்! ஆனால் மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போதுதான் மேனேஜர் மண்டையை விட்டு இறங்கினார் என்பது, அது இல்லாமல் போன பிறகுதான் தெரிந்தது.

படி 6: பின்வாசலுக்கு ஒரு விதி

ஷட்டர் இறங்கிய பிறகும் சிலர் எங்கள் வீட்டுப் பின்வாசலில் தட்டுவார்கள். குழந்தைக்குச் சளி, கஷாயத்துக்குச் சுக்கு வேண்டும் என்றால் அப்பா எழுந்து போய் எடுத்துத் தருவார். தீப்பெட்டி என்றால் காலையில் வா.

உங்கள் குழுவிலும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எட்டு மணிக்கு மேல் அவசரம் என்றால் போனில் கூப்பிடுங்கள். மெசேஜ் போட்டால் காலையில்தான் பார்ப்பேன்." இவ்வளவுதான். மெசேஜ் போடுவது யாருக்கும் சுலபம். ஒருவரை ராத்திரி கூப்பிட வேண்டும் என்றால் மனிதன் ஒரு நிமிடம் யோசிப்பான். அந்த ஒரு நிமிடத்தில் பெரும்பாலான அவசரங்கள் செத்துவிடும். எனக்கு ஆறு மாதத்தில் நான்கு போன் வந்தது. நான்கும் சுக்குதான், தீப்பெட்டி ஒன்றுகூட இல்லை. ஒரு நிபந்தனை உண்டு. உண்மையில் கூப்பிட்டால் எடுத்தே ஆக வேண்டும். ஒருமுறை எடுக்காமல் விட்டாலும் மறுபடி மெசேஜ் மழைதான்.

படி 7: வீட்டில் இருப்பதும் வேலைதான்

இதுவரை செய்ததில் எனக்கு வாரம் எட்டு மணி நேரம் மிச்சமானது. அதைப் பெருமையாகச் சொன்னேன். "இனிமே வீட்டு வேலையில உனக்கு உதவி பண்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன். மனைவி அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்திவிட்டு, "யாருக்கு உதவி? வீடு எனக்கு மட்டுமா எழுதி வெச்சிருக்கு?" என்றாள். அவளும் வேலைக்குப் போகிறவள்தான்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் அதில் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும், செய்த ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஆண்களில் அப்படிச் செய்தவர்களே நான்கில் ஒரு பங்குதான். ஆகவே ஆண்கள் 'என் சமநிலை' என்று பேசும்போது, அதன் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் 14 நாள் நோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் துணையின் நோட்டையும் வைத்துப் பாருங்கள். நான் வைத்தேன். அரை மணி நேரம் பேச்சில்லை.

நேரத்தைப் பிரிப்பது பலன் தராது. வேலையை முழுதாகப் பிரியுங்கள். பாத்திரம் கழுவுவது கைவேலை. சிலிண்டர் எப்போது தீரும், பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி, பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது, அம்மாவின் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை அட்டை என்பதெல்லாம் மண்டை வேலை. நினைவுபடுத்தினால் செய்வேன் என்பவர் கையை மட்டும்தான் தருகிறார். நாங்கள் எழுதிப் பிரித்தோம். சமையல் சாமான், அம்மாவின் மருந்தும் மருத்துவர் தேதியும், இஸ்திரி என் பொறுப்பு. யோசிப்பதிலிருந்து முடிப்பது வரை. பள்ளிக்கூடம், வங்கி, பூச்செடி அவளுடையது. முதல் மாதம் துவரம்பருப்பு தீர்ந்துபோய் இரண்டு நாள் சாம்பார் இல்லை. அவள் ஞாபகப்படுத்தவில்லை. அது சரியான முடிவு.

படி 8: சோறும் தூக்கமும்

இரவு கால் இருக்கும் நாளில் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். கால் முடிந்து பத்தரைக்கு மூன்று தோசையோடு படுப்பதை உடம்பு ரொம்ப நாள் தாங்காது. காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால், மாலை ஐந்து மணி டிகாஷன்தான் கடைசி. போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். அலாரத்துக்கு நூற்றைம்பது ரூபாய்க் கடிகாரம் ஒன்று.

படி 9: ஞாயிற்றுக்கிழமையை விசேஷங்களிடமிருந்து மீட்பது

மேனேஜரைச் சமாளித்துவிடலாம். சொந்தக்காரர்களை? தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தத் தேதிகளை அடுக்கிப் பாருங்கள். கல்யாணம், வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா, காதுகுத்து. அலுவலகம் விட்டுவைத்த ஞாயிற்றுக்கிழமையை உறவு எடுத்துக்கொள்ளும். போகாவிட்டால், "பெரிய வேலை பார்க்கிறான்ல" என்பார்கள். போனாலோ பாதி நேரம் பார்க்கிங்கிலும் பந்தி வரிசையிலும்.

எங்கள் ஏற்பாடு இது. மொய் நோட்டைத் திறந்தோம். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து நின்றவர்கள், ஆபத்துக்கு வந்தவர்கள், பெயர் மட்டும் எழுதியவர்கள் என்று மூன்றாகப் பிரித்தோம். முதல் இரண்டு வகைக்குக் குடும்பத்தோடு போவோம், போனை வண்டியிலேயே விட்டுவிட்டு. மூன்றாம் வகைக்கு வரவேற்புக்கு ஒருவர் மட்டும், அல்லது மொய்யை அனுப்பிவிட்டு அடுத்த நாள் ஒரு போன். அம்மா ஒரு மாதம் முனகினார், பிறகு அவரே எது எந்த வகை என்று சொல்ல ஆரம்பித்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஊர் சுற்ற, வீட்டில் சும்மா கிடக்க அந்த மாத ஞாயிறுகளை இப்போதே குறித்து வையுங்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு எந்தத் திட்டமும் இருக்கக் கூடாது. சினிமாவும் கூடாது.

படி 10: எல்லாம் உடையும் வாரத்துக்கு

ரிலீஸ் வரும், அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க நேரும். அப்போது மேலே சொன்ன எதுவும் நிற்காது. நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் முட்டாள்தனம். இரண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒன்று, முடியும் தேதி. "கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லாமல் "22ஆம் தேதி வரை" என்று வீட்டிலும், வீட்டுச் சிக்கல் என்றால் அலுவலகத்திலும் சொல்லுங்கள். இரண்டு, திருப்பிக் கொடுப்பது. சனிக்கிழமை வேலை பார்த்தால் அதற்கு மாற்று விடுப்பை அன்றைக்கே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதம் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது, சில சமயம் நமக்கே இருக்காது.

முடியும் தேதி மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனால் அதை வேலையின் இயல்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். படி 2இல் கண்டுபிடித்த மணிக்கூலியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு இடம் தேடத் தொடங்கலாம். வேலையை விட்டுவிட்டுத் தேடாதீர்கள், ஈ.எம்.ஐ. இருப்பவர்களுக்கு அந்த வீரம் ஆகாது.

அப்புறம், நோட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை, அங்கே கடிகாரம் மாறும் மார்ச்சிலும் நவம்பரிலும், ஒரே ஒரு வாரம் மறுபடி எழுதுங்கள். அரைகுறைப் பத்தி சத்தமில்லாமல் வளரும் குணமுடையது. என்னுடையது 11இலிருந்து 3க்கு வந்து, போன மார்ச்சில் 5 ஆகிவிட்டது. பையை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து நகர்த்திச் சோபா பக்கத்தில் வைத்திருந்தேன். இப்போது மறுபடி டிரம்முக்குப் பின்னால்.